இருபது அடி தெற்கே

மகனே,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த வரைபடமும், நான் கையெழுத்துப் போட வேண்டிய உன் ரோட்டு ஆபீஸ் தாளும் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. வழக்கமாக உனக்கு எழுதும்போது முதலில் உன் உடம்பை விசாரிப்பேன், இங்கே எல்லோரும் சுகம் என்பேன், ஆட்டுக்குட்டி முதற்கொண்டு எல்லாவற்றின் சேதியும் சொல்லி முடித்தபிறகுதான் விஷயத்துக்கு வருவேன். இந்தத் தடவை அந்த வரிசையெல்லாம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்கு எதிரே ரோட்டு வளைவில் நிற்கிற குருசடியை, அந்தக் கல் சிலுவையை, நகர்த்த நான் சம்மதிக்க மாட்டேன். நீ கேட்கிற இருபது அடி அல்ல, இருபது விரற்கடைகூட நகர விடமாட்டேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம் கூடிவிட்டது என்று கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசி வரை படி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பாதியில் எழுந்து போனால் பிறகு உனக்குச் சாப்பாடு இறங்காது.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதைப் பற்றி நீ எழுதியிருப்பது இரண்டே வரி. ரோட்டைப் பற்றி எழுதியிருப்பது இரண்டு பக்கம். வரப்போகிற பெண் இதைப் பார்த்தால், இவர் கட்டப்போவது என்னையா ரோட்டையா என்று கேட்டாலும் கேட்பாள். உப்பு லாரிகள் இந்த வளைவில் திணறுகின்றன, போன மழைக்கு ஒன்று குடைசாய்ந்தது, ரோட்டை நேராக்கினால் ஊருக்கே நல்லது என்கிறாய். எல்லாம் சரி. குடைசாய்ந்த லாரிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்து, காலில் பட்ட காயத்துக்குக் குருசடி விளக்கின் எண்ணெயைத் தடவி அனுப்பியவளே நான்தான். புதிய இடத்தில் சிமெண்ட் மேடை கட்டி, மேலே தகரக் கூரையும் போட்டுத் தருவோம் என்கிறாய். இத்தனை தலைமுறையாக வெயிலிலும் மழையிலும் நின்றதற்கு இப்போதுதான் தலைவலி வந்ததாக்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். ‘நிலம் எங்கள் பட்டாவில்தான் இருக்கிறது, அம்மா மறுக்க மாட்டார்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்துபோய் முற்றத்தில் நின்றேன். என்னைக் கேட்காமல் என் சம்மதத்தை நீயே கொடுத்துவிட்டாய்.

பங்குச் சாமியாரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அவர் நேரே வந்து எனக்குப் புத்தி சொன்னார். நல்ல மனுஷர், மேற்கே மலைப்பக்கத்து ஊர்க்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “சர்வேசுரன் எங்கேயும் இருக்கிறார் அம்மா, குருசு கல்லில் இல்லை, மனசில் இருக்க வேண்டும்” என்றார். நான் சொன்னேன்: “சாமி, நீங்க சொல்லுதது வாஸ்தவம். ஆனா மனசுல இருக்கிற குருசைப் பாத்து வள்ளம் கரைக்கு வராது.” அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்க வேண்டும். நீ இந்தக் கரையில் பிறந்தவன்.

அந்தக் குருசை யார் நட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா வீட்டில், கப்பல் உடைந்து தப்பிப் பிழைத்த ஒரு பறங்கிக் கப்பல்காரன் நேர்ந்துகொண்டு நட்டது என்பார்கள். கடலில் புருஷனை விட்டுவிட்டுக் காத்திருந்த ஒருத்தி, அவன் திரும்பி வந்த சந்தோஷத்தில் தன் நகையை விற்று நட்டது என்று மேலத்தெருவில் சொல்வார்கள். அடிப்படியில் நாலைந்து எழுத்து இருக்கிறது, நம் எழுத்தும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த பெரிய படிப்புக்காரர் ஒருவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம் என்று சொல்லிப் போய்விட்டார். கதை எது நிஜமோ, கல் என்னவோ அங்கேயே நிற்கிறது. கடலிலிருந்து எடுத்த கல், அதனால்தான் அங்கங்கே சிப்பி பதிந்திருக்கிறது. சின்ன வயதில் நீ அந்தச் சிப்பிகளை விரலால் தோண்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

ஞானஸ்நானம் கொடுத்து உன்னைக் கோவிலிலிருந்து தூக்கி வந்தபோது, வீட்டுக்குள் நுழையும் முன் அந்தப் படியில்தான் முதலில் கிடத்தினோம். நீ வீறிட்டு அழுதாய். கல் சுட்டிருக்கும். இந்தத் தெருவில் கல்யாணமாகி வருகிற எந்தப் பெண்ணும் அங்கே இறங்கி, ஒரு கை உப்பும் மிளகும் போட்டு, குருசில் உதடு வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் நடந்து வீட்டுக்கு வருவாள். செத்தவர்களைக் கோவிலுக்குக் கொண்டுபோகும்போதும் பெட்டியை அங்கே ஒரு தடவை இறக்கி வைப்பார்கள். பனங்காட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் வந்து விளக்குக்குப் புன்னை எண்ணெய் விட்டுப் போகிறார்கள், அவர்களுக்கும் நம் கிறிஸ்தவ வேதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காயல்பட்டினத்துத் தோணிக்காரர்கள் அதைக் கும்பிட மாட்டார்கள், ஆனால் அதைப் பார்க்காமல் இந்தக் கரைக்குள் நுழையவும் மாட்டார்கள். “ஒங்க குருசு இந்த வருசம் நல்லா வெளுப்பா இருக்கு தங்கச்சி, காத தூரத்துக்குத் தெரியுது” என்று ஒரு மரைக்காயர் என்னிடம் சொன்னபோது, எனக்குத் தங்கச் சங்கிலி போட்ட மாதிரி இருந்தது.

ஏனென்றால் அதற்கு வெள்ளை அடிப்பது என் வேலை. நம் வீட்டுக்கு வாழ வந்தவர்களின் வேலை. முத்துக்குளிப்பு நடந்த வருஷம் உன் அப்பா வள்ளத்தில் அள்ளி வந்து கொல்லையில் கொட்டிய சிப்பி ஓடுகள் மலையாகக் கிடந்தன, நினைவிருக்கிறதா? அதைச் சுட்டு நீற்றி, கஞ்சித் தண்ணீர் விட்டுக் கலக்கி, திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் மூன்று பூச்சு அடிப்போம். கடைச் சுண்ணாம்பு வெயிலில் மங்கிவிடும். சிப்பிச் சுண்ணாம்பு கண்ணைக் கூசும். கண் கூச வேண்டும் என்பதற்காகத்தான் அதை அடிப்பது.

எதற்கு என்று உனக்கு முழுசாகச் சொல்லித் தராமல் விட்டது என் முதல் தப்பு. உன்னைக் கடலுக்கு அனுப்பக் கூடாது, படிக்க வைத்து ஆபீஸ் உத்தியோகத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா உன்னை வள்ளத்தில் ஏற்றிப் போகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் காய்ச்சல் என்றேன், பரீட்சை என்றேன். அதனால் நீ கரையிலிருந்து கடலைப் பார்த்தவன். கடலிலிருந்து கரையைப் பார்க்காதவன். நமக்கு நேர் கிழக்கே ஒரு மைல் தூரத்தில் தண்ணீருக்கடியில் பார் கிடக்கிறது. வடக்கும் தெற்கும் பல்லும் பல்லுமாகப் பாறை. நடுவில் ஒரே ஒரு வாய், இரண்டு வள்ளம் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம். அந்த வாயைத் தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கரையைப் பார்க்க வேண்டும். குருசுக்கு அரை மைல் பின்னால் கோவில் கோபுரம். வெள்ளைக் குருசு கோபுரத்தின் நடுவயிற்றில் வந்து நின்றால் நீ வாயில் இருக்கிறாய். பாயை விரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். குருசு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகினால் பாறையில் இருக்கிறாய். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. கடலுக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் அவன் அப்பன் கையை நீட்டிக் காட்டுவான், அவ்வளவுதான். உனக்கு நீட்டிய கையை நான் தட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் சுவரில் தொங்கிய பூகோளப் படத்தைக் கிழித்தது நீதான் என்று வாத்தியார் சொன்னார். நீ செய்யவில்லை. செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்துக்கே போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருந்தாய். இருந்தும் உன்னை அழைத்துப் போய் முழங்காலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். “நான் செய்யலியே அம்மா” என்றாய். “செய்யலைன்னாலும் கேளுலே, பெரியவங்க சொன்னா சரிதான்” என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டை உன் அப்பா தொடவில்லை. “செய்யாத தப்புக்குப் பிள்ளைய முட்டுப்போட வச்சிட்டியேளா. நாளைக்கு நெசமாத் தப்பு செஞ்சா அவன் எங்க போயி முட்டுப்போடுவான்?” என்று கேட்டார். எனக்கு அப்போது அவர் பேச்சு விளங்கவில்லை. மேலே இருக்கிறவன் ஒரு தாளை நீட்டினால் ‘சரி’ என்று சொல்வதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நினைத்தவள் நான். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். இன்று நீ மேலதிகாரியிடம் ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாய் என்றால், அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

இனி எழுதப்போவதை ஆறு வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை.

யுத்த காலத்தில் நீ பாளையங்கோட்டையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். இங்கே விளக்கு ஏற்றக் கூடாது, ஏற்றினால் கறுப்புத் துணி கட்ட வேண்டும், கடலில் ஜப்பான்காரன் இருக்கிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒரு புதன்கிழமை உச்சி வெயிலில் தலையாரி வந்தார். “கடக்கரைப் பக்கம் தூரத்துல இருந்து வெள்ளையாத் தெரியுதது எல்லாத்தையும் மறைச்சிரணுமாம்த்தா. ஞாயித்துக்கிழமைக்குள்ள செஞ்சாப் போதும். கடலுக்குப் போன ஆம்பளைய வரட்டும், கேட்டுக்கிட்டுச் செய்யுங்க” என்றார். அவர் அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு பழியும் இல்லை. ஒரு பனையோலைப் பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் போதும், வேண்டும்போது அவிழ்த்துவிடலாம். ஞாயிறு வரை பொறுத்திருக்கலாம். முந்திரிக்கொட்டை நான். தலையாரி தெரு முனை தாண்டும் முன்பே, வள்ளத்துக்குப் பூச வாங்கி வைத்திருந்த தாரை அடுப்பில் ஏற்றிவிட்டேன். சொன்ன உடனே செய்து முடித்த வீடு எது என்று நாளைக்கு அதிகாரிகள் வந்தால் நம் வீட்டைக் காட்ட வேண்டும். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டேன். உச்சி வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. சிப்பிச் சுண்ணாம்பு அடிக்கிற அதே மட்டையால் குருசின் தலையிலிருந்து அடிப்படி வரைக்கும் தார் பூசினேன். பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்து, சுத்தமாக வேலை செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

நம் வள்ளம் கடலில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. இதை எத்தனை தடவை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாலும் எனக்கே விளங்காத இடம் அதுதான். குருசு அடையாளம் என்று தெரிந்தவள், வள்ளம் வெளியே நிற்கிறது என்று தெரிந்தவள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மேலே இருக்கிறவன் சொன்னதைச் செய்கிறபோது மனுஷனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை போல.

வாடைக்காற்று. வானம் இருண்டு கிடந்தது. பொழுது சாயும் முன்னே வள்ளம் பாருக்கு வந்துவிட்டது. நாலு பேர் இருந்தார்கள், உன் அப்பா, என் தம்பி தொம்மை, மேலத்தெரு மிக்கேல், இன்னொரு கூலியாள். கோபுரம் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் வெள்ளையைக் காணோம். பின்னால் இருக்கிற உடைமரக் கறுப்போடு குருசு கலந்துவிட்டது. உன் அப்பா இரண்டு தடவை திருப்பிக்கொண்டு போய் மறுபடியும் வந்தாராம். காற்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் “குருசைக் காணலியேலே... செத்தத் தெக்கால விடு” என்றாராம். கொஞ்சம் தெற்கே விட்டார்கள். தென்பக்கத்துப் பாறை வள்ளத்தைக் கிழித்தது.

மூன்று பேர் நீந்திக் கரை ஏறினார்கள். மிக்கேலுக்குக் கால் முறிந்திருந்தது. தொம்மை மணலில் முழங்காலிட்டுத் தண்ணீரைக் கக்கினான், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அத்தானைக் காணோம் என்று சொல்வான் என்று நின்றேன். அவன் சொன்னது அதுவல்ல. “எக்கா, குருசு எங்க? குருசை எவன் எடுத்தான்?” என்றான். பிறகு அவன் பார்வை என் கைக்கு வந்தது. முழங்கை வரைக்கும் தார். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜனங்கள் ஓடி வருவதற்குள் என் கையைப் பிடித்துச் சேலைக்குள் மறைத்தான். “போயி மண்ணெண்ணெய் போட்டுக் கழுவு. வேற எவன்ட்டயும் சொல்லாத” என்றான். புருஷன் கடலில் கிடக்க, நான் கொல்லையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினேன். மறுநாள் காலையில் கடல் அவரைக் கொண்டு வந்து போட்டது. கோவிலுக்குப் போகும் வழியில் பெட்டியைக் குருசடியில் இறக்கி வைத்தார்கள். தார் இன்னும் காயவில்லை. சேதி கேட்டு ஓடி வந்திருந்த உன்னை அணைத்துக்கொண்டு நின்றேன், தலையை நிமிர்த்தவில்லை. துக்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பட்டாளத்துக்காரர்கள் வந்து தார் பூசிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. யார் கிளப்பியது என்று தெரியாது. நான் மறுக்கவில்லை. ஆறு வருஷம் மறுக்கவில்லை. நீயும் பட்டாளத்தைத் திட்டி எனக்கு ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினாய், அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மகனே, உன் அப்பாவின் சாவுக்கு நான் காரணம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஆனால் அதைக் கொடுக்கவோ மறுக்கவோ உனக்கு உரிமை வேண்டும் என்றால் விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் எழுதினேன்.

யுத்தம் முடிந்ததும் முதல் வேலையாகத் தாரைச் சுரண்டினேன். சிப்பியால் சுரண்டி, கல்லால் தேய்த்து, சுண்ணாம்பு அடித்தேன். தார் லேசில் போகாது. மூன்று பூச்சு அடித்தாலும் வெயில் ஏற ஏறப் பழுப்பாகக் கசிந்து வெளியே வரும். திருவிழாவுக்கு மட்டும் அடித்த வெள்ளையை இப்போது மாதம் ஒரு தடவை அடிக்கிறேன். விதவைக்கு எவ்வளவு பக்தி பார் என்கிறார்கள். என் பக்தி எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, குருசடியை நகர்த்தப்போகிற விஷயத்தைச் சாமியார் ஊருக்கு வாசித்தார். நான் எழுந்து நின்றேன். பெண்கள் கோவிலில் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை, தெரியும். பேசினேன். தார் பூசியது பட்டாளம் இல்லை, நான்தான் என்றேன். தொம்மை மட்டும் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். மிக்கேலின் பெண்சாதி என்னைப் பார்த்தபடியே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் புருஷன் இன்றுவரை கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் நியாயம். வெளியே வந்ததும் சாமியார் மட்டும் மெதுவாகக் கேட்டார், “இருபது அடியில் அப்படி என்னம்மா வந்துவிடும்?” என்று. தொம்மை அவரைக் கையோடு கரைக்குக் கூட்டிப் போனான். இப்போது அவர் சம்மதம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். இல்லை என்றும் சொல்லவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நீ படித்தவன், உனக்குக் கணக்காகவே சொல்கிறேன். கோபுரத்திலிருந்து குருசுக்கு அரை மைல். குருசிலிருந்து பாருக்கு ஒரு மைல். குருசை இருபது அடி தெற்கே தள்ளினால் பாரில் கோடு எத்தனை அடி தள்ளும்? நான் அஞ்சாம் வகுப்புதான். எனக்கு அறுபது அடி வருகிறது. வாயின் அகலம் இரண்டு வள்ளம். அறுபது அடி தெற்கே என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘புது இடத்தை எல்லோரும் பழகிக்கொள்வார்கள்’ என்று எழுதாதே. இந்த ஊர் வள்ளம் பழகும். வருஷத்துக்கு ஒரு தடவை காற்றுக்கு ஒதுங்க வருகிற வேம்பார்க்காரனுக்கும் மணப்பாட்டுக்காரனுக்கும் யார் தந்தி அடிப்பது? அவன் அப்பன் அவனுக்குக் காட்டியது இந்தக் குருசை, இந்த இடத்தில். நேரே கடல் பக்கம் தள்ளலாமே என்றால், அங்கே வருஷா வருஷம் கடல் ஏறி மண்ணை அரிக்கிறது, அது நீயே எழுதியதுதான்.

உன் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து மூன்று நாள் பார்த்தேன். அழகாகப் போட்டிருக்கிறாய். நம் கிணறு, முருங்கை மரம்கூட இருக்கிறது. ரோடு இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, மணல் இருக்கிறது. மணல் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டாய். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். நீ வெறுமையாக விட்ட அந்த இடத்தில்தான் உன் அப்பா செத்தார். நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மர அடிக்கோலை எடுத்து, கோபுரத்திலிருந்து குருசின் வழியாக அந்த வெள்ளைத் தாளுக்குள் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். அதன் முனையில் பாரின் வாயையும் குறித்திருக்கிறேன். அடிக்கோல் வழுக்கி ஒரு இடத்தில் வளைந்திருக்கிறது. உன் மேலதிகாரி கேட்டால் அம்மா போட்டது என்று சொல். வெட்கப்படாமல் சொல்.

வளைவை நேராக்க இன்னொரு வழியும் இருக்கிறது என்பதை நீயே ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருக்கிறாய். அழித்த தடம் வெளிச்சத்தில் தெரிகிறது. ரோட்டுக்கு மேற்கே எடுக்கலாம். மேற்கே இருப்பது நம் வீடு. முன்கூடமும் தெற்கு அறையும் போகும். அம்மாவின் தலைக்கு மேலிருக்கிற கூரையில் கை வைக்க மனம் வராமல்தான் குருசில் கை வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும்லே. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அழித்த தடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது, அதுவரை கோபம்தான். ஆனால் உன் பாசத்துக்காக நான் இரண்டாம் தடவை அந்தக் குருசை மறைக்க மாட்டேன். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். நான் நல்ல மாடு இல்லை, இருந்தாலும் எனக்கு அந்த ஒரு சூடு போதும்.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, நிதானமாகப் படி. ‘குருசடி’ என்று இருந்த சொல்லை அடித்துவிட்டு மேலே ‘வீடு’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது. கொடுக்க எனக்கு உரிமை உண்டு. முன்கூடத்தையும் தெற்கு அறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உனக்கும் உன் பெண்சாதிக்கும் ஒதுக்கி வைத்திருந்தது அந்தத் தெற்கு அறைதான். அவள் வீட்டார் முகம் சுளித்தால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். மிச்சமிருக்கிற அறையில் நீங்கள் இருங்கள், நான் அடுக்களையில் படுத்துக்கொள்வேன். உன் ஆபீஸில் இந்தத் தாளை வாங்க மாட்டோம் என்றால், குருசை எடுக்க வேறு ஆளையும் வேறு தாளையும் தேடட்டும். கடப்பாரையோடு யார் வந்தாலும் வெள்ளையடிக்கிற மட்டையோடு நான் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவன் நீயாக இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

இந்த மாதத்து வெள்ளையை இன்னும் அடிக்கவில்லை. உனக்காக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை லீவு போட்டு வா. தொம்மை மாமா வள்ளத்தோடு காத்திருப்பான், அவனிடம் சொல்லிவிட்டேன். முதலில் வள்ளத்தில் ஏறிப் பாருக்கு வெளியே போ. அங்கிருந்து திரும்பி, ஒரு தடவை கரையைப் பார். உன் அப்பா நீட்டியிருக்க வேண்டிய கையை மாமா நீட்டுவான். அதன்பிறகும் இருபது அடி நகர்த்தலாம் என்று உனக்குத் தோன்றினால், கரைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். கரைக்கு வருவதற்கும் உனக்கு அந்தக் குருசுதான் வேண்டும்.

அம்மா